துருநிறக் காலடி

அத்தியாயம் பதினொன்று

பெரியவளை நாம் விட்டுவந்தபோது அவள் நூலகத்தின் முன்கூடத்தில், கையில் ஸ்க்ரூடிரைவரோடு, தரையில் குப்புறப் படுத்துக் கிடந்தாள். பேப்பரில் படம் வந்த கலைஞர் படுத்துக் கிடக்கும் அழகைப் பார்த்து வாட்ச்மேன்கூடச் சிரித்துவிட்டுப் போனார். லேசாக ஆடிய ஒரு கண்ணாடிச் சதுரத்தை இறுக்கிவிட்டுத் தலையைத் திருப்பினாள். கன்னத்துக்குப் பக்கத்திலேயே, தரைக்குள், ஒரு காலடி எரிந்துகொண்டிருந்தது. துரு நிறத்தில்.

அந்த நிறம் உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் உண்டு.

எழுந்து உட்கார்ந்தாள். "வயரிங் கோளாறு" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். சொன்ன குரலில் அவளுக்கே நம்பிக்கை இல்லை.

இந்தக் கதைக்குள் இப்போதுதான் நுழைகிறவர்களுக்குத் தரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

பெரியவளுக்கு யோசனைக்குப் பஞ்சமே கிடையாது. பல் தேய்க்கும்போது ஒன்று வரும், பால் பொங்கும்போது ஒன்று வரும். வந்த கையோடு ஃபிரிட்ஜ் கதவில் மார்க்கரால் கிறுக்கி வைப்பாள். ஊரின் இரண்டு கோடியிலும் ஒவ்வொரு பெஞ்சு. ஒன்றில் யாராவது உட்கார்ந்தால் மற்றது வெதுவெதுப்பாகும். மழைத்துளி விழ விழ ஒவ்வொரு கம்பியும் ஒரு சுரம் பாடும் குடை. பார்க்கிறவர் முகத்தை, முன்பு பார்த்துவிட்டுப் போனவர்களின் முகங்களைக் கொண்டே வரைந்து காட்டும் கண்ணாடி. அவள் கணவர் எந்நேரமும் கழுத்தில் ஒயர்ச் சுருளோடு திரிகிற எலெக்ட்ரீஷியன். குடும்பத்தில் அவருக்கு 'ஒயர்' என்றே பெயர். ஃபிரிட்ஜ் கதவைப் படித்துவிட்டு அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "ஷாக் அடிக்குமா?" அடிக்காது என்றால் செய்து கொடுத்துவிடுவார்.

கெட்ட எண்ணத்தோடு ஒருத்தன் இதைக் கையில் எடுத்தால் என்ன ஆகும்? அந்தக் கேள்வியை அவர்கள் இரண்டு பேருமே கேட்டுக்கொண்டதில்லை.

தரையும் அப்படி வந்த யோசனைதான். மேலே நடக்கிறவரின் நடையை அது கற்றுக்கொள்ளும். எடை, எட்டின் நீளம், குதிகால் விழும் விதம் எல்லாவற்றையும் சேர்த்து ஆளுக்கு ஒரு நிறம் கொடுக்கும். நடந்த தடம் மாலை வரை தரைக்குள் மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். மறுநாள் அதே ஆள் வந்தால் அதே நிறம். பெயர் கேட்காது, முகம் பார்க்காது. நூலகத்தில் அதைப் போட்டதிலிருந்து ஜனங்கள் புத்தகம் எடுக்க மறந்து, தங்கள் நிறத்தைப் பார்த்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார்கள்.

முதல் ஒத்திகை வீட்டுக் கூடத்தில்தான் நடந்தது. அப்போது குடும்பம் ஒன்றாக இருந்தது. பெரியவளுக்குச் சாம்பல் நீலம் வந்தது. தங்கைக்கு, நாம் சின்னவள் என்று சொல்லிவருகிறவளுக்கு, கிளிப்பச்சை. சின்னவளின் புருஷனுக்குத் துரு. "என்ன சகலை, பழைய இரும்புக்கடை மாதிரி இருக்கீங்க" என்று ஒயர் கேலி செய்ய, எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவன் எப்போதுமே மரியாதையாகச் சிரிப்பான். ஒயர் அந்த நிறங்களைத் தனியாகப் பூட்டி வைத்தார். வீட்டாருடைய நிறம் வெளியாருக்கு வராது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். வெளியே கேட்காத சத்தத்தில் ஒருத்தியை உடைக்க முடியும் என்று அந்தக் குடும்பம் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டது. சின்னவள் ஒரு பையோடு வெளியேறினாள். எங்கே இருக்கிறாள் என்று அக்காவுக்கும் ஒயருக்கும் மட்டும் தெரியும். அக்கா வீட்டில் தங்கினால் தேடி வருவான் என்று ஹாஸ்டலில் தங்கினாள். எதிர்பார்த்தபடியே அவன் ஒருநாள் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். தண்ணீர் வாங்கிக் குடித்தான். "எங்க இருந்தாலும் அவ நல்லா இருக்கட்டும் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இந்த நூலகத்தின் மாடியில்தான் சின்னவளுக்கு வேலை. பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் வேலை. சத்தம் புகாத அறை, ஜன்னல் கிடையாது, வெளியே யார் கண்ணிலும் பட வேண்டியதில்லை. இதைவிடப் பத்திரமான இடம் எங்கே கிடைக்கும் என்றுதான் பெரியவள் நினைத்திருந்தாள்.

அவள் மீட்டர் ரூமுக்குப் போனாள். ஒயர் அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, துரு வந்திருக்கு."

"எங்க துரு? புது ஸ்டீல் ஆச்சே."

"அந்தத் துரு இல்லைங்க."

அவர் விரல் நின்றது. திரையைத் திருப்பி ஏதேதோ தேடினார். கழுத்தில் கிடந்த ஒயர்ச் சுருளைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"கோளாறு இல்ல. ஆள் அதே ஆள்தான்."

"இன்னிக்குத்தானா?"

"இந்த வாரம் முழுக்க வந்திருக்கான்."

ஒவ்வொரு நாளின் தடத்தையும் அவர் திரையில் போட்டுக் காட்டினார். முதல் நாள் துரு நிறக் கோடு பக்கவாட்டு வாசலில் நுழைந்து கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. அப்புறம் ஓர் இடத்தில் நின்றிருந்தது. அதிக நேரம் நின்றால் தரை அந்த இடத்தில் நிறத்தைக் கெட்டியாக்கும். அங்கே துரு, சிந்திய மை மாதிரி பரவியிருந்தது.

அதன் ஓரத்திலேயே ஒரு கிளிப்பச்சைக் கோடு ஓடியது. காலையில் சின்னவள் வாசலில் நுழைந்து கூடத்தைக் கடந்து போன கோடு.

மறுநாள் அந்தக் கறை பச்சைக் கோட்டையே ஒட்டிக் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம்.

பெரியவளுக்குப் பேப்பரில் வந்த படம் நினைவுக்கு வந்தது. கூடத்தை மாடியிலிருந்து எடுத்திருந்தார்கள். நிறக் கோடுகளுக்கு நடுவே கிளிப்பச்சை பளிச்சென்று தெரிந்தது. 'எத்தனை அழகு' என்று அவளே அதை வெட்டி ஒட்டி வைத்திருந்தாள்.

"அவளைத் தேடி அலையவே இல்லை இவன்" என்றாள். "நான் போட்டு வச்ச கோட்டைப் பிடிச்சுக்கிட்டே வந்திருக்கான்."

ஒயர் இன்றைய தடத்தைப் போட்டார். இதுவரை கூட்டம் உள்ள மதிய நேரத்தில் வந்தவன் இன்று காலையிலேயே வந்திருந்தான். துரு நேராகப் பச்சையின் மேலேயே நடந்து போயிருந்தது. மாடிப்படியின் முதல் படியில் போய் முடிந்தது. படிகளில் தரை கிடையாது, வெறும் கல்.

"திரும்பி வந்த கோடு எங்கங்க?"

திரும்பி வந்த கோடு இல்லை.

அவள் ஓடினாள். இந்த வயதில் இந்தப் படிகளை இப்படி ஏறுவாள் என்று அவளே நினைத்திருக்க மாட்டாள். பாதிப் படியில் ஒரு தாடிக்காரர், கண்ணாடியும் தொப்பியுமாக, புத்தகத்தோடு நின்றிருந்தார். சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார். "தேங்க்ஸ்" என்று மூச்சு வாங்கியபடி சொல்லிவிட்டு மேலே போனாள்.

பதிவறைக் கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. பதிவு நடக்கிறது, யாரும் கதவைத் திறக்கக் கூடாது என்று அர்த்தம். அவள் திறந்தாள்.

உள்ளே சின்னவள் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, நிதானமான குரலில், ஒரு கப்பல் கரை சேரும் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். பத்திரமாக இருந்தாள். பெரியவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

சின்னவள் ஹெட்போனைக் கழற்றினாள். "அக்கா, ஒரு அத்தியாயமே போச்சு. வெளிய விளக்கு எரியறது கண்ணுக்குத் தெரியலையா?"

"பையை எடு. கிளம்பு."

"என்ன ஆச்சு? மாமாவுக்கு ஏதாவதா?"

"மாமாவுக்கு ஒண்ணும் இல்ல. தரையில..."

சின்னவள் அக்காவின் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "எந்தக் கலர்?"

பெரியவள் தலை குனிந்தாள்.

சின்னவள் அழவில்லை. மைக்கின் சுவிட்சை அணைத்தாள். வாசித்த பக்கத்தில் அடையாளம் வைத்துப் புத்தகத்தை மூடினாள்.

"எத்தனை நாளா வர்றாரு?"

"இந்த வாரம்."

"எப்படித் தெரிஞ்சுதாம்?"

"உன் கோட்டைப் பார்த்துத்தான். பேப்பர்ல வந்துச்சே, அந்தப் படம்."

சின்னவள் மூடிய புத்தகத்தைத் தள்ளி வைத்தாள். "பேர் மாத்தினேன். போன் நம்பர் மாத்தினேன். முடியை வெட்டினேன். இவ்வளவும் பண்ணிட்டு, தினமும் காலையில நானே நடந்து வந்து கோடு போட்டுக் குடுத்திருக்கேன். என் கால்ல கலரைக் கட்டிவிட்டது நீதானே அக்கா."

"நான்தான்."

"அழகா இருக்குன்னு நானும்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்" என்றாள் சின்னவள். அந்த வார்த்தை திட்டியதைவிட அதிகமாகச் சுட்டது.

பெரியவளின் போன் அதிர்ந்தது. ஒயர்.

"படியிலிருந்து துரு இறங்கிடுச்சு" என்றார் தாழ்ந்த குரலில். "பேப்பர் படிக்கிற பெஞ்சுல உட்கார்ந்துட்டான். நேரா படியைப் பார்த்துக்கிட்டு. மீட்டர் ரூம் கதவிடுக்குல பார்க்கறேன். தாடி, கண்ணாடி, தொப்பி. தரை மட்டும் இல்லேன்னா எனக்கே அடையாளம் தெரிஞ்சிருக்காது."

பெரியவள் மாடி வராந்தாவின் கைப்பிடிக்கு வந்து, தூண் மறைவில் நின்று எட்டிப் பார்த்தாள். படியில் ஒதுங்கி வழிவிட்ட ஆள். அவள் தேங்க்ஸ் சொன்ன ஆள். புத்தகம் மடியில் மூடியே இருந்தது. காலுக்கு அடியில் துரு கெட்டியாகிக்கொண்டிருந்தது.

நூலகத் தலைவியிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் நல்ல மனுஷி, ஆனால் எதையும் விதிப்படி செய்கிறவர். போலீசுக்குப் போன் போட்டார். பேசி முடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஏதாவது செஞ்சானான்னு கேக்கறாங்க. பெஞ்சுல உட்கார்ந்திருக்கான்னு சொன்னேன். ஆள் அனுப்பறோம், நேரம் ஆகும்னாங்க. லைப்ரரிக்கு வந்தவரை ஏன் வந்தீங்கன்னு நானும் கேக்க முடியாதேம்மா."

"அவளை வெளிய கொண்டுபோக உங்க காரைத் தர முடியுமா மேடம்?"

"தர்றதென்ன, நானே ஓட்டிட்டுப் போறேன். பக்கவாட்டு வாசல்ல நிறுத்தறேன். ஆனா அந்த வாசலுக்கு இந்தப் படி இறங்கித்தானே போகணும்? வேற வழி கிடையாதே."

படி இறங்கினால் அவன் கண்ணில் விழாமல் இருக்க முடியாது. தரையை அணைத்துவிடலாம்தான். அணைத்தால் அவன் காலைப் பார்ப்பதை விட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பான். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரே கூச்சல். தரையைப் பார்க்க ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே வந்தார்கள். நுழைந்ததும் வரிசை கலைந்தது. கூடம் முழுக்கச் சின்னச் சின்னக் காலடிகள் வெளிர் நிறங்களில் தெறித்தன.

பெரியவள் கீழே பார்த்தபடியே போனை எடுத்தாள்.

"ஏங்க, ஆள் நடக்காமலே தரையில காலடி போட முடியுமா?"

ஒயர் யோசித்தார். "டெஸ்ட் பண்றதுக்கு வச்சிருக்கேன். மாடியில இருக்கிற டேப்லெட்ல விரல் வச்சா அந்த இடத்துல தரை எரியும்."

"கிளிப்பச்சையில?"

"பேப்பர்காரங்ககிட்ட என்ன சொன்னே நீ? இந்தத் தரைக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னு சொன்னே."

"சொன்னேன். இப்ப கத்துக்கட்டும்."

ஒயர் திட்டத்தைக் கேட்டுவிட்டு, சின்னவள் இறங்கும்போது அவள் காலுக்கு நிறம் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் நடையை வரைவது தன்னால் ஆகாது என்றார். "கோடு கோடா போட்டா பொம்மை நடந்த மாதிரி இருக்கும். அவன் அவளோட வாழ்ந்தவன். நீதான் வரையணும்."

சின்னவள் படியின் மேல்முனையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். நூலகத் தலைவி முன்னால் இறங்கிப் போய், அவனைத் திரும்பியும் பார்க்காமல் கடந்து, காரைக் கொண்டுவரப் போனார். பெரியவள் கைப்பிடி ஓரமாகத் தரையில் உட்கார்ந்து டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

எத்தனையோ வரைந்த கை. இப்போது வியர்த்து வழுக்கியது. புடவையில் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

கூடத்தின் எதிர்மூலையில், புத்தக அடுக்குகளின் மறைவிலிருந்து ஒரு பச்சைக் காலடி வந்தது. பிறகு இன்னொன்று. சின்னவளின் நடை அக்காவுக்கு மனப்பாடம். எட்டு குட்டையாக விழும். குதிகால் சத்தமில்லாமல் முதலில் படும். இடது கால் ஒரு நொடி தயங்கித்தான் முன்னால் வரும். அத்தனையையும் விரலில் கொண்டுவந்தாள். பிள்ளைகளின் கும்பலுக்கு நடுவே புகுந்து, யாரோ ஒருத்தி அவசரமாகப் பெரிய வாசலை நோக்கிப் போவது போலப் பச்சைத் தடம் நகர்ந்தது.

பெஞ்சில் தொப்பி நிமிர்ந்தது.

அவன் எழுந்தான். புத்தகத்தைப் பெஞ்சில் வைத்தான். பிள்ளைகளை இடிக்காமல், ஒவ்வொருவரின் தலையையும் தொட்டு விலக்கியபடி, பச்சையைப் பின்தொடர்ந்தான். துரு அதன் பின்னால் வந்தது. ஒவ்வொரு பச்சையையும் அவன் கால் சரியாக மிதித்து மூடியது.

பெரியவள் விரலை நகர்த்திக்கொண்டே இடது கையால் தங்கைக்குச் சைகை காட்டினாள்.

சின்னவள் இறங்கினாள். கல் படியில் அவள் வெறுங்கால் சத்தமே எழவில்லை. கூடத்தில் கால் வைத்தாள். தரை இருட்டாகவே இருந்தது. ஒயர் சொன்னதைச் செய்துவிட்டார். அவன் முதுகு கூடத்தின் பாதியைத் தாண்டியிருந்தது. சின்னவள் பக்கவாட்டு வாசலை நோக்கி நடந்தாள்.

அப்போதுதான் பெரியவள் அதைப் பார்த்தாள்.

தங்கை நீள நீளமாக எட்டு வைத்து நடந்தாள். தோள் நிமிர்ந்திருந்தது. இடது கால் தயங்கவில்லை. எங்கேயும் தயங்கவில்லை. பயத்தில்கூட அந்தப் பழைய பதுங்கல் அவளிடம் இல்லை. இத்தனை மாதத்தில் அவள் நடை மெல்ல மெல்ல மாறியிருக்கிறது. தரையும் கூடவே கற்றுக்கொண்டு அதே பச்சையைக் கொடுத்து வந்திருக்கிறது. தினமும் பார்த்த அக்காவுக்குத்தான் தெரியவில்லை. அவள் வரைந்துகொண்டிருந்தது அவனுடைய வீட்டில் நடந்த சின்னவளை.

வாரம் முழுக்க அந்தக் கோட்டின் ஓரத்தில் நின்று, குனிந்து குனிந்து பார்த்தவனுக்கு அது தெரிந்திருக்கும்.

விரல் நின்றது. கூடத்தில் பச்சை நின்றது. பெரிய வாசலுக்குச் சற்று முன்னால் துருவும் நின்றது.

பக்கவாட்டு வாசலில் கண்ணாடிக் கதவு ஒருமுறை ஆடி மூடிக்கொண்டது. வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. போய்விட்டாள். தங்கை போய்விட்டாள்.

கீழே அவன் அந்தச் சத்தத்துக்குத் திரும்பவே இல்லை. கடைசிப் பச்சைக் காலடியின் பக்கத்தில் மண்டியிட்டு, அதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் உள்ளங்கையை விரித்து, அதற்கும் முந்தைய காலடிக்கும் நடுவே இருந்த தூரத்தை அளந்தான். ஒரு பிள்ளை அவனிடம் ஏதோ கேட்டது. அவன் புன்னகையோடு பதில் சொன்னான்.

பிறகு எழுந்து, தொப்பியைக் கழற்றி, தலையை நிமிர்த்தினான். மாடியின் தூண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்த அவன் கண்கள் பெரியவள் இருந்த இடத்தில் நின்றன. விருந்துக்கு வந்த வீட்டில் வணங்குவது போலக் கை கூப்பினான்.

போன் அதிர்ந்தது. "வராந்தாவுல இருக்காதே, உள்ள போய்க் கதவைப் போட்டுக்கோ" என்றார் ஒயர். "நான் வர்றேன். இந்தப் பிள்ளைங்க நடுவுல வழியே இல்ல..."

துரு நிறம் கூடத்தைக் கடந்து வந்தது. அவசரம் இல்லாமல், ஒரே அளவான எட்டுகளாக. ஒவ்வொன்றையும் அவள் மேலிருந்து பார்த்தாள். ஓடிப்போய்ப் பதிவறைக் கதவைச் சாத்திக்கொள்ள நேரம் இருந்தது. அந்தக் காருக்கு அந்த நேரம் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. இங்கே தன்னோடு பேசிக்கொண்டிருக்கும் வரை அவன் தெருவில் இருக்க மாட்டான்.

டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டுப் படியின் மேல்முனையில் வந்து நின்றாள்.

முதல் படியில் நிறம் முடிந்தது. அதற்கு மேல் அவன் கால் சத்தம் மட்டும் ஏறி வந்தது.